பாலத்துக்கு வந்த ரெண்டு பாடை

உக்காருங்க தம்பிகளா. பூட்ஸைக் கழட்டிப் போட்டுட்டு உக்காருங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நான் ரிட்டையர் ஆன கார்ப்பரல். எனக்கு சல்யூட் அடிச்சாலும் பிரயோசனம் இல்ல, அடிக்காட்டியும் நஷ்டம் இல்ல. ரயில்வேயில சரக்குக் கணக்கு எழுதற கூட்ஸ் கிராணியா இருந்துக்கிட்டு ஞாயித்துக்கிழமையில மட்டும் சிப்பாயா இருந்தவன். இன்னைக்கு உங்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லணும்னு கூப்பிட்டிருக்காங்க. ரெண்டோட நிறுத்தற பழக்கம் எனக்குக் கிடையாது.

நீங்க எதுக்கு வந்து பேர் கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும். துப்பாக்கி தருவாங்க, காக்கியோட பிரிக்பீல்ட்ஸ் தெருவுல ஒரு நடை நடந்தா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க, பொண்ணு கொடுக்கறவங்க மனசு இளகும். அதானே? சிரிக்காதே, உன்னைத்தான் சொல்றேன். நானும் அதுக்குத்தான் வந்தேன். ஆனா துப்பாக்கி வராது. ஸ்ட்ரெச்சர்தான் வரும். இந்த ஊர்ல தமிழ் ஆளுங்க பிரிவுக்கு ஏன் துப்பாக்கி இல்லைன்னு வெளியில பல பேரு பல கதை சொல்லுவாங்க. எதையும் நம்பாதீங்க. காரணம் நான்தான். அதைத்தான் இப்ப சொல்லப்போறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. சிலாங்கூர் சின்ன ராஜ்யம். நமக்குன்னு கப்பல் கிடையாது, பீரங்கி கிடையாது. வெள்ளைக்காரன்னு பெரியவன் ஒருத்தன் குடை பிடிக்கறான், நாம அதுக்குக் கீழே நிக்கறோம். நல்ல குடைதான், நான் குறை சொல்லல. ஆனா குடை அவன் கையில இருக்கு. மழை வலுத்து அவன் வீட்டுக்குப் போகணும்னு கிளம்பினா குடையும் கூடவே போயிடும். ஐரோப்பாவுல இப்ப சின்னச் சின்ன நாட்டையெல்லாம் ஒருத்தன் ஒண்ணொண்ணா முழுங்கிட்டு வரான்னு பேப்பர்ல படிக்கறீங்க. ஓட்டுப் போட்டு ராஜாங்கம் நடத்தற நாடுங்களே கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்குது. நம்ம கிட்ட கேட்டா "சிங்கப்பூர்ல பீரங்கி இருக்குல்ல"ன்னு சொல்லிட்டு டீயைக் குடிக்கறோம்.

பல வருஷத்துக்கு முன்னால எங்களுக்கு இருந்த சார்ஜென்ட் அப்படி டீ குடிக்கற ஆள் இல்ல. அவர் பேரைச் சொல்லமாட்டேன், சொன்னா எங்கே இருந்தாலும் வந்து திட்டுவாரு. பகல்ல ஆஸ்பத்திரியில டிரெஸ்ஸர். புண்ணுக்கு மருந்து கட்டிக்கிட்டே நோயாளியைத் திட்டுவாரு. எனக்கும் அவருக்கும் ஒரே வயசு, ஆனா நாங்க ஒத்துப்போன விஷயம் ஒண்ணுகூட கிடையாது. அவருக்கு இருந்தது ஒரே ஆசை. தமிழ் ஆளுங்களுக்குன்னு ஒரு துப்பாக்கிப் படை. "நம்ம ஊரை நாமதான்யா காக்கணும். அடுத்தவன் வந்து காப்பான்னு உக்காந்திருந்தா, அவன் போற அன்னைக்கு நம்மளையும் பெட்டியில பத்திரமா வெச்சுப் பூட்டிட்டா போவான்?" இதைச் சொல்லாத நாள் கிடையாது. மேல இருக்கற துரைமாருங்க கதவையெல்லாம் வருஷக்கணக்கா தட்டினாரு. அதுவரைக்கும் நாங்க கம்பை வெச்சுக்கிட்டு டிரில் பண்ணோம். தோள்ல கம்பு, இறக்கினா கம்பு, குறி பாத்தாலும் கம்பு. திடலுக்கு வெளியில கச்சான் கடலை விக்கிறவன்கூட "என்னண்ணே, மாடு மேய்க்கக் கிளம்பியாச்சா?"ன்னு கேப்பான்.

ஆளும் சேரல. பிரிக்பீல்ட்ஸ்லயும் செந்தூல்லயும் வீடு வீடாப் போய்க் கேட்டோம். "வெள்ளைக்காரன் ஊருக்கு நான் எதுக்குய்யா காவல்?"னு ஒருத்தன். "என் தோட்டத்துக்கே காவலுக்கு ஜாகா இருக்கான்"னு இன்னொருத்தன். கடைசியில ஒரே ஒரு பிளட்டூன், அதுவும் அரைகுறையா நின்னுது.

அப்புறம் ஒருநாள் கர்னல் துரை கூப்பிட்டு விட்டாரு. கோலாலம்பூரைக் காப்பாத்தறதுக்குப் பெரிய ஒத்திகை நடக்கப்போகுதாம். எதிரி கப்பல்ல வந்து கிள்ளான் பக்கம் இறங்கி டவுனைப் பிடிக்க வரான்னு வெச்சுக்கணும். "உங்க ஆளுங்களுக்குத் துப்பாக்கி தரேன், இரவலா. ஒத்திகையில ஒழுங்கா நடந்துக்கிட்டா துப்பாக்கி உங்களுக்கே. இல்லைன்னா எனக்கு ஸ்ட்ரெச்சர் தூக்க ஆள் வேணும், அதுக்கு நீங்க சரியா இருப்பீங்க." இவ்வளவுதான் பேச்சு. சார்ஜென்ட் வெளியில வந்தப்ப முகம் மாப்பிள்ளை மாதிரி இருந்துச்சு.

"நாம எந்தப் பக்கம்?"னு கேட்டேன்.

"எதிரி."

சிரிக்காம என்ன பண்றது சொல்லுங்க. காப்பாத்தற பக்கம் பூரா வெள்ளைக்காரக் கம்பெனி. பாங்கி மேனேஜர், ரப்பர் புரோக்கர், தோட்டத்து துரைன்னு எல்லாரும் அங்கதான். ஜெயிக்கப் போறது காப்பாத்தற பக்கம்னு எல்லாருக்கும் தெரியும், அதனால தோக்கறதுக்கு ஆள் வேணுமே, எங்களைப் போட்டாங்க. சார்ஜென்ட் அதையும் பெருமையா எடுத்துக்கிட்டாரு. "எதிரின்னா எதிரிதான். துப்பாக்கி கையில வந்துச்சில்ல, அதைப் பாரு."

ஆமா, வந்துச்சு. பழசு, கனமானது, வெத்துத் தோட்டா போட்டுச் சுடறது. நான் அதைக் கையில வாங்கின அன்னைக்கு என் வீட்டுக்காரி ஆரத்தி எடுத்தா. கூடவே பெரிய இயந்திரத் துப்பாக்கியும் ஒண்ணு கொடுக்கறோம்னாங்க. போய்ப் பாத்தா மரத்துல செஞ்ச ஒரு கிலுக்கை. கைப்பிடியைச் சுத்தினா கடகடன்னு சத்தம் வரும். அதைச் சுத்தினா எதிர்ல இருக்கறவன் சுடப்பட்டு செத்ததா அர்த்தமாம். செத்தானா பிழைச்சானான்னு தீர்ப்பு சொல்றதுக்கு கையில வெள்ளைப் பட்டி கட்டின அம்பயருங்க. கிரிக்கெட் மாதிரியேதான், ஆனா இதுல அவுட் ஆனவன் மண்ணுல படுத்துக்கணும்.

அந்த ஞாயித்துக்கிழமை காலையில கிள்ளான்ல இருந்து மாணிக்கத்தோட லோரியில வந்தோம். மாணிக்கம் எங்க பிளட்டூன்லயே ஒல்லியான ஆளு, வாய் மட்டும் பெருசு. எதிரி லோரின்னு தெரியணும்னு முன்னால சிவப்புத் துணி கட்டியிருந்துச்சு. எதிரி லோரி தடங்கல் இல்லாம வரணுமேன்னு கிள்ளான் ரோட்டுல மத்த வண்டி எல்லாத்தையும் மறிச்சு நிறுத்திட்டாங்க. பஸ், மாட்டு வண்டி, எல்லாம் வரிசையா நின்னு வேடிக்கை பாத்துச்சு. எங்களுக்கு ராஜ மரியாதை. இந்த விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னால வரும்.

பிரிக்பீல்ட்ஸ் வந்து சேந்தோம். டவுனுக்குள்ள போகணும்னா ஆத்துப் பாலத்தைத் தாண்டணும். பாலத்துல ஒரு கேப்டனும் அவர் ஆளுங்களும் மணல் மூட்டை அடுக்கிக் காவல் இருந்தாங்க. கேப்டன் வாரத்துல ஆறு நாள் ஆபீஸ் மேசைக்குப் பின்னால உக்காந்திருக்கறவரு, ஆனா கண்ணு கழுகு. ரொட்டிக்காரர் சைக்கிளை நிறுத்திக் கூடையைக் கிளறிப் பாத்தாரு. வைக்கோல் வண்டியில பயோனெட்டை விட்டுக் குத்திப் பாத்தாரு. ஒரு பால்காரரோட மாட்டைக்கூட சந்தேகமா பாத்தாரு. நாங்க எதிர்த்த டீக்கடையில மாத்துத் துணியில உக்காந்து இதையெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தோம். சார்ஜென்ட் என் காதுல சொன்னாரு. "நேராப் போனா பாதிப் பாலம் தாண்டறதுக்குள்ள அத்தனை பேரும் செத்துட்டோம்னு அம்பயர் சொல்லிடுவான்யா."

அப்பதான் ஒரு சீனச் சாவு அந்த வழியா வந்துச்சு. மேளம், கொடி, காகிதக் குதிரை, எல்லாம். கேப்டன் என்ன பண்ணாருன்னு நினைக்கறீங்க? தொப்பியைக் கழட்டி நெஞ்சுல வெச்சுக்கிட்டு நிமிந்து நின்னாரு. ஆளுங்களும் அப்படியே நின்னாங்க. ஊர்வலம் கைக்கெட்டற தூரத்துல போச்சு, ஒருத்தன் அசையல. நான் டீயைக் கீழ வெச்சுட்டு சார்ஜென்டைப் பாத்தேன்.

"பாடை கட்டலாமா?"ன்னேன்.

அந்த மனுஷன் என்னைத் திட்டாத ஒரே நாள் அதுதான்.

பிணம் யாருன்னுதான் பிரச்சினை. எல்லாரும் மாணிக்கத்தைப் பாத்தோம். "அண்ணே, எனக்குக் கல்யாணம் ஆகி ஆறு மாசம்தான்ணே ஆகுது!"ன்னு கத்தினான். அவனுக்குக் கள்ளுக்கடையில ஒரு நாள் முழுக்க உபசாரம்னு பேசி முடிச்சோம். மூங்கிலும் தென்னங்கீத்தும் பக்கத்துலயே கிடைச்சுது. மூஞ்சியில அரிசி மாவு, நெத்தியில திருநீறு, கழுத்துல மாலை. கிலுக்கையை அவன் முதுகுக்கு அடியில வெச்சோம். துப்பாக்கியெல்லாம் கீத்துக்கு அடியில நீட்டுவாக்குல போச்சு. தப்பு மேளம் அடிக்க ரெண்டு பேரைக் கூப்பிட்டோம். "யாரு செத்தது?"ன்னு கேட்டாங்க. "இன்னும் யாரும் சாகல, பாலத்துல தெரியும், அடிங்க"ன்னேன்.

தம்பிகளா, நம்ம சனங்களைப் பத்தி அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். பாடை கிளம்பி நாலு வீடு தாண்டல, வழியில போறவங்க எல்லாம் கூட வர ஆரம்பிச்சுட்டாங்க. யாருன்னே தெரியாம ஒரு பெரியவர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுத் தோள் மாத்த வந்துட்டாரு. ஒரு அக்கா வாசல்ல நின்னு "இந்த வயசுல போயிட்டியே ராசா"ன்னு மாரடிச்சு அழுதா. மாணிக்கத்துக்கு ஒரே சந்தோஷம், உதடு துடிக்குது. "சிரிச்சே, நெசமாவே கொளுத்திடுவேன்"னு சார்ஜென்ட் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

பாலத்துக்கு வந்தோம். கேப்டன் தொப்பியைக் கழட்டினாரு. ஆளுங்க துப்பாக்கியைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு நின்னாங்க. பாவம், நல்ல மனுஷங்க. பாலத்து நடுவுல பாடையை இறக்கினோம். மாணிக்கம் எழுந்து உக்காந்து மாலையோட கிலுக்கையைச் சுத்தினான் பாருங்க, கடகடகடன்னு! ஒரு சிப்பாய் நெசமாவே மயக்கம் போட்டு விழுந்துட்டான். மாரடிச்ச அக்கா செருப்பைக் கழட்டிக்கிட்டு மாணிக்கத்தை அடிக்க வந்துட்டா. அம்பயர் வேற வழியில்லாம "பாலம் எதிரி கையில"ன்னு சொல்லிட்டாரு. கேப்டன் முகம் செவசெவன்னு ஆயிடுச்சு. "திரும்பி வரேன்"னு சொல்லிட்டு ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு டவுன் பக்கம் போனாரு.

சாயந்திரம் வரைக்கும் பாலத்தை வெச்சுக்கிட்டா ஒத்திகை எங்க பக்கம். துப்பாக்கியும் எங்களுக்கே. எல்லாரும் மறுபடி காக்கியை மாட்டிக்கிட்டோம். சார்ஜென்ட் மணல் மூட்டை மேல உக்காந்து துப்பாக்கியை மடியில குழந்தை மாதிரி வெச்சுக்கிட்டு இருந்தாரு. அந்த மனுஷன் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்.

கதை இங்கயே முடிஞ்சிருந்தா நான் இப்ப உங்களுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கத்துக் கொடுத்துக்கிட்டு இருப்பேன்.

மத்தியானம் திரும்பின நேரம். நல்ல வெயில். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துல இருந்து இன்னொரு பாடை வருது.

தப்புச் சத்தம் இல்ல, சங்கு இல்ல. முன்னால கொள்ளிச்சட்டி ஏந்திக்கிட்டு ஒரு வாலிபன். பாடையைத் தூக்கி நாலு பேரு. அவ்வளவுதான். பின்னால ஒரு ஈ காக்கா இல்ல.

சார்ஜென்ட் எழுந்து நின்னுட்டாரு. "பாத்தியா? நம்ம வித்தையை நமக்கே காட்டறான்."

"நெசமா இருந்தா?"ன்னேன்.

"எங்கேயாவது நம்ம வீட்டுச் சாவு அஞ்சு பேரோட போய்ப் பாத்திருக்கியா? காலையில நம்ம பொய்ப் பொணத்துக்கே தெருவே திரண்டு வந்துச்சு. இது கேப்டன் வேலை. அவன் வீட்டு சமையல்காரன், தோட்டக்காரன், ஆயா புருஷன் எல்லாம் நம்ம ஆளுங்கதானே? கூப்பிட்டுக் கட்டிவிட்டிருப்பான். நிறுத்து. துணியை எடு. உடம்பைப் புரட்டிப் பாரு."

அவர் சொன்னதுல தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. நாங்க எப்படி ஏமாத்தினோமோ அப்படியே எங்களை ஏமாத்தலாம். முகம் தெரியுது, அதுல அரிசி மாவா உசிரு போன வெளுப்பான்னு தூரத்துல இருந்து யாரு கண்டா? முதுகுக்கு அடியில ஒரு கிலுக்கை இருந்தா முடிஞ்சுது கதை. சார்ஜென்டோட அத்தனை வருஷ ஆசையும் அந்தக் கீத்துக்கு அடியில இருக்கு. அவர் முகத்தைப் பாத்தேன். பயம். சுடுகாட்டுக்குப் போற பாடையைப் பாத்து அப்படி பயந்த மனுஷனை நான் பாத்ததில்ல.

நான் முன்னால போய்க் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்த வாலிபன் நின்னான். ஈர வேட்டி, மழிச்ச தலை, கண்ணு சிவந்து வீங்கியிருந்துச்சு. சட்டியில இருந்து புகை அவன் முகத்துலயே அடிக்குது, அவன் திருப்பிக்கக்கூட இல்ல.

"யாருப்பா?"ன்னேன்.

"எங்கப்பாண்ணே."

"ஏன் ஆளுங்களே இல்ல?"

"சொந்தக்காரங்க எல்லாம் கிள்ளான்லயும் மேரு பக்கத்துத் தோட்டத்துலயும் இருக்காங்கண்ணே. காலையிலேயே பஸ் ஏறிட்டாங்களாம். ரோட்டை மறிச்சுட்டாங்களாம், என்னமோ யுத்தமாம். வருவாங்க வருவாங்கன்னு பாத்தேன். வெயில் ஏறிடுச்சு, இதுக்கு மேல வெச்சிருக்க முடியாதுண்ணே." கொஞ்சம் நிறுத்திட்டு என்னையும் துப்பாக்கியையும் பாத்தான். "யாரோட யுத்தம்ணே?"

காலையில நாங்க லோரியில சிவப்புத் துணி கட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டே தாண்டி வந்தோமே, அந்த வரிசையில நின்ன பஸ்ஸுல அவன் மாமனும் சித்தப்பனும் உக்காந்திருந்திருக்காங்க. எதிரிக்கு வழி விட்டுட்டு அப்பனைத் தூக்க வந்தவங்களை நிறுத்தி வெச்சிருக்கு எங்க பாதுகாப்பு.

ஆனா இதையும் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம் இல்லையா? நல்லா அழத் தெரிஞ்ச சமையல்காரனா இருந்தா? மண்டையில அதுவும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பின்னால சார்ஜென்ட் கத்தறாரு, "என்ன பேச்சு அங்க? புரட்டுடா!"

பின்பக்கம் தூக்கிக்கிட்டு நின்ன ஒரு பெரியவரைப் பாத்தேன். மூங்கில் அழுத்தித் தோள்பட்டை கன்னிப்போயிருந்துச்சு. மாத்த ஆள் இல்லாம அவ்வளவு தூரம் ஒரே தோள்ல வந்திருக்காரு. நான் நிறுத்தி வெச்சுப் பேசற ஒவ்வொரு பேச்சுக்கும் மூங்கில் அவர் தோள்ல இன்னும் அழுந்துது.

நான் சார்ஜென்ட் பக்கம் திரும்பினேன். "புரட்டமாட்டேன். பொய்யா இருந்தா பாலம் போகட்டும்."

"பைத்தியமாடா உனக்கு?"

"பொய்யா இருந்து விட்டுட்டா ஒரு பாலம்தான் போகும். நெசமா இருந்து புரட்டிட்டா அவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். அப்புறம் யாருக்காகய்யா இந்தப் பாலத்தைக் காக்கறது?"

துப்பாக்கியைக் கைப்பிடிச் சுவர்ல சாத்திட்டுப் பெரியவர் தோளுக்குப் பதிலா என் தோளைக் கொடுத்தேன்.

தோள்ல ஏறின உடனே தெரிஞ்சுபோச்சு. காலையில மாணிக்கத்தைத் தூக்கினவன் நான். உசிருள்ளவன் படுத்திருந்தா நம்ம நடைக்கு ஏத்தாப்புல அவனும் உடம்பைக் கொஞ்சம் கொடுப்பான், பாரம் நம்ம கூடவே வரும். இது வரல. இது எதையும் கொடுக்கல. அப்படியே கனத்துச்சு. "சார்ஜென்ட், நெசம்"ன்னு மட்டும்தான் சொல்ல முடிஞ்சுது.

சார்ஜென்ட் என்னைப் பாத்தாரு. பாலத்தைப் பாத்தாரு, டவுன் பக்கம் பாத்தாரு, மடியில வெச்சிருந்தாரே அந்தத் துப்பாக்கியைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா அதை என் துப்பாக்கிக்குப் பக்கத்துல சாத்தி வெச்சாரு. தொப்பியைக் கழட்டி மணல் மூட்டை மேல வெச்சாரு. வந்து எனக்கு முன்னால மூங்கிலைத் தோள்ல வாங்கிக்கிட்டாரு. "நாசமாப் போறவனே"ன்னு என்னைத்தான் சொன்னாரு, அழுதுக்கிட்டே சொன்னாரு.

அப்புறம் யாரும் யாரையும் கேக்கல. அத்தனை பேரும் துப்பாக்கியைச் சாத்திட்டு வந்துட்டாங்க. டீக்கடையில காலையில தப்பு அடிச்ச ரெண்டு பேரும் இன்னும் உக்காந்திருந்தாங்க, சார்ஜென்ட் ஒரு சத்தம் போட்டாரு, ஓடி வந்தாங்க. காலையில பொய்க்கு அடிச்சதை விட நல்லாவே அடிச்சாங்க. காக்கி போட்ட எங்க பிளட்டூன் பின்னால வர, அந்த வாலிபனோட அப்பா பெரிய மனுஷன் மாதிரி சுடுகாட்டுக்கு ஊர்வலமாப் போனாரு.

மாணிக்கம் மட்டும் வரல. "அண்ணே, காலையில பாடையில படுத்தவன் சாயந்திரத்துக்குள்ள இன்னொரு பாடையைத் தூக்கலாமா?"ன்னு கேட்டான். இதுக்கெல்லாம் எந்த சாஸ்திரத்துலயும் பதில் கிடையாது. "கிலுக்கையை வெச்சுக்கிட்டுப் பாலத்தைப் பாத்துக்கடா"ன்னு விட்டுட்டு வந்தோம்.

நாங்க திரும்பி வந்தப்ப பாலத்துல கேப்டன் நின்னாரு. அவர் நாங்க போன கொஞ்ச நேரத்துலேயே முழுக் கம்பெனியோட வந்திருக்காரு. மாணிக்கம் ஒத்தையாளா நின்னு கிலுக்கையைக் கை வலிக்கச் சுத்தியிருக்கான். அம்பயர் வந்து "நீ செத்துட்டே, படு"ன்னு சொல்லியிருக்காரு. "நான் காலையிலேயே செத்துட்டேன் சார், ஒரே நாள்ல எத்தனை தடவை சாவறது"ன்னு சண்டை போட்டுட்டுத்தான் படுத்திருக்கான். எங்க துப்பாக்கியெல்லாம் கேப்டன் ஆளுங்க கையில இருந்துச்சு. சுடாமலே, குத்தாமலே, சுவர்ல சாத்தி வெச்சதை எடுத்துக்கிட்டாங்க.

கர்னல் துரை திடல்ல எல்லாரையும் நிக்க வெச்சு விசாரிச்சாரு. பாடை கட்டி ஏமாத்தினது ஜென்டில்மேன் வேலை இல்லைன்னாரு. அது ஒண்ணு. ஒரு பிணத்துக்காகக் காவலை விட்டுப் போனது சிப்பாய் வேலை இல்லைன்னாரு. அது இன்னொண்ணு. "நெசமான யுத்தமா இருந்தா யாரோ ஒருத்தரோட சாவுக்காக இந்த டவுனையே எதிரி கிட்டக் கொடுத்திருப்பீங்க"ன்னாரு. சார்ஜென்டுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். நிமிந்து நின்னு பதில் சொன்னாரு. "நெசமான யுத்தம் வந்தா ஐயா, உங்களை ஏத்திட்டுப் போகக் கப்பல் வரும். எங்களுக்கு வராது. நாங்க இங்கயேதான் இருக்கணும், ஒருத்தரை ஒருத்தர் தூக்கிக்கிட்டு."

கர்னல் துரை கெட்டவர் இல்ல, கோபப்படல. ஆனா சொன்ன சொல் சொன்னதுதானே. அடுத்த வாரம் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கிட்டு ஸ்ட்ரெச்சரைக் கொடுத்துட்டாங்க.

சார்ஜென்ட் என் கூடப் பேசல. பரேடுல எனக்கு ஏதாவது சொல்லணும்னா மாணிக்கத்தைப் பாத்துச் சொல்லுவாரு. மாணிக்கம் எனக்குச் சொல்லுவான். எனக்கும் வருத்தம்தான் தம்பிகளா, பொய் சொல்லல. அந்த மனுஷன் ஸ்ட்ரெச்சரோட கான்வாஸைத் தடவிப் பாத்துக்கிட்டு நின்னதைப் பாத்தேன். அவர் வாழ்நாள் ஆசையை நான் ஒரு தோள் கொடுத்துக் கவுத்துட்டேன். சரியா செஞ்சேன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சு என்ன, ராத்திரி சோறு இறங்கல.

கொஞ்ச வாரம் போச்சு. ஒரு ஞாயித்துக்கிழமை திடலுக்கு வரேன், அந்த வாலிபன் நிக்கறான். தலையில முடி அப்பதான் முளைச்சிருக்கு. கூட அவன் மாமன், சித்தப்பன், மேருல இருந்து வந்த பங்காளிங்க, பிரிக்பீல்ட்ஸ் லயத்து வரிசை வீட்டு ஆளுங்க, அன்னைக்குச் செருப்பைத் தூக்கிக்கிட்டு வந்த அக்காவோட புருஷன் வரைக்கும். அதுல பாதிப் பேரு நாங்க வீட்டு வாசல்ல போய்க் கெஞ்சினப்ப கதவைச் சாத்தினவங்க.

"என்னப்பா?"ன்னேன்.

"சேந்துக்கலாம்னு வந்தோம்ணே."

"துப்பாக்கியெல்லாம் போயிடுச்சுப்பா. இப்ப தூக்கற வேலைதான்."

"அதுக்குத்தாண்ணே வந்தோம்"ன்னான்.

நான் சார்ஜென்டைத் திரும்பிப் பாத்தேன். அவர் அந்தக் கூட்டத்தை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. மாணிக்கத்தைக் கூப்பிடாம, நேரா என்னைப் பாத்தே பேசினாரு. "துப்பாக்கி இருந்தப்ப இவனுங்கல்லாம் எங்கடா இருந்தானுங்க?"

அந்த ஒரு வார்த்தையில எனக்கு உசிரு வந்துச்சு.

அவ்வளவுதான் தம்பிகளா. எதிரி எந்தப் பக்கம் வருவான், கடல்ல வருவானா காட்டுல வருவானா, எனக்குத் தெரியாது, பெரிய துரைமாருங்களுக்கும் தெரியும்னு தோணல. வந்தா உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது. சந்தேகம் வரும், வரட்டும். ஆனா உங்க சந்தேகத்துக்கு விலை கொடுக்கப்போறது யாருன்னு ஒரு தடவை முகத்தைப் பாத்துட்டு அப்புறம் செய்யுங்க. நம்ம ஊர் ஆளே நம்மளைக் கண்டு ஒதுங்கினான்னா எத்தனை பீரங்கி இருந்தும் சின்ன ராஜ்யம் நிக்காது.

போதும், எழுந்திருங்க. அதோ ஸ்ட்ரெச்சர் கிட்ட நின்னு கத்தறாரே உங்க சார்ஜென்ட், வேலு. போன வாரம்கூட யாரோ ஒருத்தன் ஸ்ட்ரெச்சரைத் தொப்புன்னு போட்டான்னு திடல் அதிரத் திட்டினாராமே. அவர் ஏன் அப்படிக் கத்தறாருன்னு இப்ப புரியும். அன்னைக்கு கொள்ளிச்சட்டியை ஏந்திக்கிட்டு "யாரோட யுத்தம்ணே"ன்னு என்னைக் கேட்டது அவர்தான். போங்க, போய்த் தூக்குங்க. தோள் வலிச்சா சொல்லுங்க, பக்கத்துல இருக்கறவன் மாத்திக்குவான்.